பிள்ளைகளையுமா காக்க வைப்பது?

2024 அக்டோபர் 17-இல் மக்களவையில் 206 உறுப்பினர்களின் ஆதரவோடு நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்குச் சம உரிமை தந்தது. அதை வரவேற்றோம். ஆனால் நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளை இனித் தானாகக் குடிமகனாக முடியாது என்று அதே திருத்தம் சொல்வதை ஏற்கவே முடியாது.

நிரந்தரவாசி யார் என்பதை அறிய, அதற்கு வாக்களித்தவர்கள் சிலாங்கூரின் சபாக் பக்கம் வரட்டும். புக்கிட் ரோத்தான், பெர்ஜுந்தை பக்கம் வரட்டும். விடியுமுன் பேரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக்கு உரம் போட்டு முதுகு வளைந்தவர்களின் கையில் இருப்பது நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டை. 12 ஆண்டில் 10 ஆண்டு இங்கே வாழ்ந்து, போதிய மலாயும் தெரிந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 19-ஆவது விதி. ஐம்பது ஆண்டாகத் தோட்ட லயத்திலேயே வாழ்ந்தவருக்கு அந்தக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. தகுதி வந்தும் குடியுரிமை வரவில்லை. ‘வழங்கலாம்’ என்றுதான் அந்த விதி சொல்கிறது. ‘வழங்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. பதில் தர அதில் கெடுவும் இல்லை. பெற்றோரைக் காக்க வைத்தது போதாதென்று இப்போது பிள்ளையையும் வரிசையில் நிறுத்துகிறார்கள்.

அந்தப் பிள்ளைக்குப் பெற்றோரின் நாட்டுக் குடியுரிமை உண்டாம். எந்த நாடு? தாத்தா கப்பலேறிய ஊரின் பெயரே வீட்டில் மறந்துபோயிற்று. எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை என்று மெய்ப்பித்தால் வேறொரு விதி கைகொடுக்கும் என்கிறார்கள். இல்லாத ஒன்றை எந்தத் தாளைக் காட்டி மெய்ப்பிப்பது? பதிவிலாகாவுக்கும் வழக்கறிஞருக்கும் அலைந்தால் நாள் சம்பளக்காரர் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

இந்த அநீதி புதிதல்ல. இம்மண்ணில் பிறந்தாலே போதும் என்று 1957-இல் தந்த உரிமையை 1962-இலேயே சுருக்கினார்கள். 1969 இனக்கலவரத்துக்குப் பின் வேலை அனுமதி கட்டாயம் என்று சொல்லி, சிவப்பு அட்டைத் தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேரை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். 2018-இல், 60 வயது தாண்டிய 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை என்று அறிவித்தார்கள். கிழவர்களாகும்வரை அவர்களைக் காக்க வைத்தது யார்? அதற்கு இன்றுவரை ஒருவரும் பொறுப்பேற்கவில்லை.

இந்தத் திருத்தம் மறுபடி நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும். தோட்டத்துச் சிவப்பு அட்டைக்காரர்களுக்கு விரைவில் ஒரு வழி பிறக்க வேண்டும். நம் வாக்கை வாங்கிப் போனவர்களே, அங்கே வாய் திறந்து பேசுங்கள்.