நண்பரோடு இரண்டு நாள், ஆண்டவரோடு ஒரு மணி நேரம்



மேற்படிப்புக்கென ஜெர்மனி, இத்தாலி, பிரான்சு முதலிய நாடுகளுக்குச் செல்லும் இளைஞர் இன்று நம் பங்குகளிலும் உளர். வார நாட்களில் வகுப்பும் ஆய்வுக்கூடமும் அவர்களைக் கட்டி வைத்திருக்கும். வெள்ளி மாலை வந்ததும் நண்பர் நால்வர் கூடி, முதுகில் ஒரு பையோடு இரயிலேறி, பழம்பெரும் நகர் ஒன்றைக் கண்டு, ஞாயிறு இரவு விடுதிக்குத் திரும்புவர். இவ்வாறு கொலோன் நகருக்குப் புறப்படவிருந்த மாணவன் ஒருவனின் தாய் நம்மிடம் வினவினார்: "சுவாமி, உடன் போகிறவர்களில் ஒருவர்கூட நம் வேதத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஞாயிறு பூசையை விட்டுவிடுவானோ என்று அச்சமாக இருக்கிறது. போகவேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?"

"போகட்டும், தடுக்க வேண்டாம்" என்றோம். ஏன் அவ்வாறு கூறினோம் என்பதை விளக்குவது மற்றப் பெற்றோருக்கும் பயன்படும் என எண்ணுகிறோம்.

கொலோன் இரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ணை நிறைப்பது அந்நகரின் பேராலயம். 157 மீட்டர் உயரமுள்ள அதன் இரட்டைக் கோபுரங்களை அண்ணாந்து பார்க்காதவர் இல்லை. உள்ளே, தலைமைப் பீடத்தின் பின்புறம், பொன் வேய்ந்த பெரும்பேழை ஒன்று இருக்கிறது. மீட்பரைத் தேடிவந்த கீழ்த்திசை ஞானிகளுடையவை என மரபு போற்றும் திருப்பண்டங்கள் அதில் வைக்கப்பட்டுள்ளன. 1164ஆம் ஆண்டு பேராயர் ரைனால்டு அவற்றை மிலான் நகரிலிருந்து கொண்டுவந்தார்.

அந்த ஞானிகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அவர்களும் சொந்த நாட்டை விட்டு நெடுந்தொலைவு ஒன்றாய்ப் பயணம் செய்தவர்கள். அவர்களும் இஸ்ராயேலின் வேதத்தில் பிறந்தவர்கள் அல்லர். எருசலேம் மாநகரைக் கண்டார்கள்; ஏரோது மன்னனையும் சந்தித்தார்கள். ஆயினும் பார்த்ததோடு நின்றுவிடவில்லை. தேடிய பாலனைக் கண்டதும் முழந்தாளிட்டார்கள். எனவே, வேற்றுச் சமய நண்பரோடு வழி நடப்பதில் தீங்கில்லை. வழியின் முடிவில் முழந்தாளிட மறப்பதே தீங்கு.

இனி, அந்தப் பேராலயம் எழும்பிய வரலாற்றைக் கேளுங்கள். 1248ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், தேவதாயின் விண்ணேற்புத் திருநாளன்று, அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பீடப்பகுதி 1322இல் அபிஷேகம் செய்யப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டிலோ பணி நின்றேபோயிற்று. பாதியில் நின்ற தெற்குக் கோபுரத்தின் மேல், கல் தூக்கும் மரப்பொறி ஒன்று தலைமுறை தலைமுறையாய் வேலையின்றி நின்றது. 'இனி இது முடியாது' என்றே பலரும் எண்ணியிருப்பர். ஆனால் முன்னோர் தோலில் தீட்டிய முகப்பு வரைபடத்தின் ஒரு பாதி 1814இலும் மறுபாதி 1816இலும் கண்டெடுக்கப்பட்டன. 1842இல் பணி மீண்டும் தொடங்கியது. 1880இல் கோபுரங்கள் நிறைவுற்றன. அடிக்கல் நாட்டி 632 ஆண்டுகள்! முதற்கல்லைச் செதுக்கிய தச்சன் கோபுரத்தைக் கண்டானில்லை. ஆயினும் அவன் இட்ட அடித்தளம் பொய்க்கவில்லை.

தாய்மாரே, உங்கள் உழைப்பும் இத்தகையதே. மடியில் அமர்த்திச் சிலுவை அடையாளம் போடக் கற்பித்தீர்கள். மாலைதோறும் செபமாலைக்கு அழைத்தீர்கள். பிள்ளை தொலைநாடு சென்றபின், அந்த வேலை பாதியில் நின்றதுபோல் தோன்றலாம். மனந்தளர வேண்டாம். அடித்தளம் உறுதியாயின், வரைபடம் உள்ளத்தில் எங்கோ காக்கப்பட்டிருக்கும். ஆண்டவர் தமக்குரிய காலத்தில் பணியைத் தொடர்வார்.

அதற்காக, இன்று செய்யவேண்டியதை நாளைக்குத் தள்ளிவைக்கலாம் என்பதன்று. அதே நகரில் அருளாளர் அடால்ப் கோல்பிங்கின் கல்லறை இருக்கிறது. இளமையில் செருப்புத் தைக்கும் தொழிலாளியாயிருந்து, பின்பு குருவானவர் அவர். தொழிலுக்காக வீட்டைப் பிரிந்து ஊர் ஊராய் அலைந்த இளைஞரின் தனிமையை அனுபவத்தால் அறிந்திருந்தார். அவர்களைத் திட்டித் திருத்த முற்படவில்லை. 1849இல் கொலோனில் சங்கம் அமைத்து, கூடிப் பேசவும் கற்கவும் இறைவனை வேண்டவும் ஒரு குடும்பத்தையே உண்டாக்கித் தந்தார். தொலைவிலுள்ள இளைஞனுக்குத் தேவை காவலன் அல்லன், குடும்பம் என்பதே அவர் கற்பித்த பாடம்.

ஆகவே மாணவருக்குச் சில சொற்கள். ஞாயிறு காலையில் தயங்கித் தயங்கிக் காரணம் தேடாதே. வெள்ளியன்றே நண்பரிடம் தெளிவாகச் சொல்: "ஞாயிறு ஒரு மணி நேரம் எனக்கு வேண்டும், பிறகு ரைன் ஆற்றுப் பாலத்தருகே சந்திப்போம்." நல்ல நண்பர் இதனால் பிரியார், உன் சொல்லில் உறுதி உண்டென்று மதிப்பர். சனி மாலைத் திருப்பலியில் பங்குபெற்றாலும் ஞாயிற்றுக் கடன் நிறைவேறும் என்பது திருச்சபைச் சட்டம். சனி இரவின் கேளிக்கை ஞாயிற்றை விழுங்கிவிடாதபடி பார்த்துக்கொள். மொழி முற்றும் புரியாவிடினும் பீடத்தில் நிகழும் பலி ஒன்றே. நண்பர் உடன்வர விரும்பினால் மகிழ்வோடு அழைத்துச் செல், வற்புறுத்தாதே. உன் இஸ்லாமிய நண்பன் தொழுகைக்குச் சென்றால், அவனுக்காக நீயும் பொறுமையோடு காத்திரு.

பெற்றோருக்கும் ஒரு சொல் உண்டு. ஞாயிறு மாலை மகனோடு தொலைபேசியில் பேசும்போது, குற்றவாளியை விசாரிப்பதுபோல் "பூசை பார்த்தாயா?" என்று தொடங்காதீர்கள். என்ன கண்டான், எந்தக் கோயிலில் செபித்தான், யாருக்காக வேண்டினான் என்று அன்போடு கேளுங்கள். அதற்கு முன் நம்மையே கேட்டுக்கொள்வோம். நாம் குடும்பத்தோடு உதகைக்கும் கொடைக்கானலுக்கும் உல்லாசப் பயணம் சென்றபோது, ஞாயிறு திருப்பலிக்கு நேரம் ஒதுக்கினோமா? உறவினர் திருமணத்திற்குச் சென்ற ஊரில் கோயில் எங்கே என்று விசாரித்தோமா? வெளியூரில் தந்தை கோயிலைத் தேடி நடந்ததைக் கண்ட பிள்ளை, கொலோனிலும் தேடுவான். காணாத பிள்ளையிடம் நாம் எந்த வாயால் கேட்பது?

பாலனை வணங்கிய ஞானிகள் வேறு வழியாய்த் தங்கள் நாடு திரும்பினார்கள் என்கிறது நற்செய்தி. நம் பிள்ளைகளும் காணும் நகரங்களிலெல்லாம் ஆண்டவரைக் கண்டு, போனதினும் நல்லவராய்த் திரும்பி வருவாராக. அவர்களின் போக்கையும் வரவையும் இறைவன் காப்பாராக.