மலைக்கு வராத விருந்தினர்

நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் திருக்கழுக்குன்றம் சென்றுவந்த அன்பர்கள் அந்த நண்பகற் காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். வேதகிரீசுவரர் எழுந்தருளியுள்ள மலையின் பாறைச் சரிவில், சர்க்கரைப் பொங்கலுடன் பெரியவர் ஒருவர் காத்திருப்பார். வெண்ணிறப் பறவைகள் இரண்டு வட்டமிட்டு இறங்கி, அவர் அளிக்கும் அமுதை உண்டு செல்லும். சாபம் பெற்ற முனிவர்களே அவ்வுருவில் வருகின்றனர் என்பது தலபுராணம் காட்டும் நம்பிக்கை. 1990களின் பிற்பகுதியில் அவற்றின் வருகை நின்றுபோயிற்று.

கழுகு என்று பக்தியுடன் அழைக்கப்பட்ட அவை, மஞ்சள்முகப் பாறு என்னும் இனத்தைச் சேர்ந்தவை. இறந்த உயிர்களின் உடலை உண்பவை. இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டுவதில்லை. இராமபிரான் தந்தைக்குரிய ஈமக்கடனைச் செய்து சிறப்பித்த சடாயுவும் அக்குலத்தவரே.

பசு புல்லை மேய்கிறது. புல் மண்ணிலிருந்து உறிஞ்சிய தழைச்சத்தும் மணிச்சத்தும் சுண்ணாம்பும் பசுவின் தசையாகவும் எலும்பாகவும் ஆகின்றன. பசு மடிந்தபின் அவை மண்ணுக்குத் திரும்பியாக வேண்டும். பேரேட்டில் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்கு மாற்றப்படுவதேயன்றி, முதல் அழிவதில்லை. அந்த மாற்றத்தை விரைந்து முடித்தவை பாறுகள். ஒரு பெருங்கூட்டம் இறங்கினால் மாட்டின் உடல் ஓரிரு மணி நேரத்தில் வெறும் எலும்பாகும். அவற்றின் வயிற்று அமிலம் கொடிய நோய்க்கிருமிகளையும் அழிக்க வல்லது. எஞ்சிய எலும்பைப் பொறுக்கி உரத்திற்கு விற்றுப் பிழைத்தோர் வடநாட்டில் பலர்.

மஞ்சள்முகப் பாறு மாட்டுச் சாணத்தையும் உண்ணும். புல்லில் உள்ள நிறமி, பசுவின் வயிற்றைக் கடந்து சாணத்தில் தங்கி, இப்பறவையின் முகத்தில் மஞ்சளாகப் பூக்கிறது என்று ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2002இல் எழுதினர். திருக்கழுக்குன்றத்தில் கண்ட அந்த மஞ்சள் முகத்திற்கும் பசுவிற்கும் இத்தகைய உறவு உண்டு.

இச்சுழற்சி அறுந்தது கொடுமையால் அன்று, இரக்கத்தால். நோயுற்ற மாட்டின் வலியும் வீக்கமும் தணிய டைக்ளோஃபெனாக் என்ற மருந்து ஊசியாகச் செலுத்தப்பட்டது. மருந்து உடலில் தங்கியிருக்கும்போதே இறந்த மாட்டை உண்ட பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டன. பாகிஸ்தானில் ஆராய்ந்தோர் 2004இல் இக்காரணத்தை வெளியிட்டனர். நூறு மாட்டுடல்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் அம்மருந்து இருந்தாலே இப்பேரழிவிற்குப் போதும் என்பது கணக்கு. ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் இனம் எவ்வாறு ஈடுகொடுக்கும்? வட இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 1992 முதல் 2007 வரையிலான பதினைந்தே ஆண்டுகளில் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தன. உண்பாரற்ற உடல்கள் அழுகிக் கிடந்தன, தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி அச்சமும் உடன் வளர்ந்தது.

மாடுகளுக்கு அம்மருந்தைச் செலுத்த இந்திய அரசு 2006இல் தடை விதித்தது. மனிதர்க்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால், 2015இல் அவற்றின் அளவும் குறைக்கப்பட்டது. மெலாக்சிகம் என்ற மருந்து வலியையும் போக்கும், பாறுகளுக்கும் தீங்கு செய்யாது. கோசாலைக்குப் பசுவைத் தானமளிப்போரும், கோசாலையை நடத்துவோரும் கால்நடை மருத்துவரிடம் இப்பெயரைச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதற்குச் செலவு ஏதுமில்லை.

அரியானா மாநிலத்துப் பிஞ்சோரில் சடாயுவின் பெயரால் அமைந்த மையம் ஒன்றில் பாறுகள் வளர்க்கப்படுகின்றன. தமிழகத்தில் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் அவை எஞ்சியுள்ளன. மாயாற்றங்கரையின் உயர்ந்த நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் இன்றும் கூடு கட்டி, ஆண்டுக்கொரு குஞ்சை வளர்த்து வருகின்றன.