தண்டவாளத்துக்குக் கீழே என்ன இருக்கு?

வேடந்தாங்கல்ல பறவை பார்த்துட்டு மத்தியானம் படாளம் ஸ்டேஷன்ல ரயிலுக்கு நின்னுட்டிருந்தோம். திருநெல்வேலி வந்தே பாரத் சர்ருனு போச்சு. கூட வந்த நண்பர், ரயில்வே ட்ராக் பிரிவுல இருந்து ரிடையர் ஆனவர். "இந்த வேகத்துக்கு, அடியில ராடார் விட்டுப் பார்க்கணும் சார்"னு சும்மா சொன்னேன். சிரிச்சுட்டார். "கேங்மேன் காலுக்குத் தெரியாததா? 2023 டிசம்பர் வெள்ளத்துல ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸை நிறுத்திக் காப்பாத்தினது மனுஷனா மிஷினா?"

மனுஷன்தான். ஆனா அங்கே ஜல்லி அடிச்சுட்டுப் போய் தண்டவாளம் அந்தரத்துல தொங்கிச்சு. அது யார் கண்ணுக்கும் தெரியும். நான் பேசறது கண்ணுக்குத் தெரியாத கேடு.

ரயில் ஓட ஓட ஜல்லி அரைஞ்சு பொடியாகுது, அடியிலேர்ந்து மண்ணும் ஏறுது. இடுக்கெல்லாம் அடைஞ்சு மழைத்தண்ணி வடியாம நின்னுடும். தண்டவாளம் எங்கே தாழ்ந்திருக்குன்னு அளக்கற வண்டி நம்மகிட்ட இருக்கு. ஏன் தாழ்ந்துதுன்னு அதுக்குத் தெரியாது. மிஷினை வெச்சுத் தூக்கி பேக்கிங் பண்ணிடறோம். கீழே சேறுன்னா அது எத்தனை நாள் நிக்கும்?

அங்கங்கே குழி தோண்டிப் பார்க்கறாங்க, சரி. ரெண்டு குழிக்கு நடுவுல? ராடார், வண்டியில ஓடிக்கிட்டே ரேடியோ அலையைக் கீழே அனுப்பும். காய்ஞ்ச ஜல்லியில அலை வேகமாப் போகும், ஈரச் சேத்துல மெதுவாகும். திரும்பி வர நேரத்தை வெச்சே கீழே என்னன்னு படம் போட்டுடலாம். வெளிநாடுகள்ல 1990கள்லயே ஆரம்பிச்சுட்டாங்க. இங்கே ஜல்லியைத் தோண்டிச் சலிக்க பத்து வருஷத்துக்கு ஒரு தடவைன்னு கணக்கு. சேறு காலண்டர் பார்த்தா வருது? ஒரு இடம் அஞ்சு வருஷத்துல கெடும், இன்னொண்ணு பதினஞ்சு வருஷம் தாங்கும். எதை முதல்ல சலிக்கணும்னு தெரிஞ்சா காசு மிச்சம்தானே?

ராடாரும் சர்வரோக நிவாரணி இல்லை. ஈரக் களிமண் அலையை முழுங்கிடும். செங்கல்பட்டுப் பக்கம் முழுக்க ஏரி. கொளவாய் ஏரியை ஒட்டிப் போற லைன்ல அது தடுமாறவும் செய்யலாம். அங்கே குழியும் வேணும், கேங்மேனும் வேணும். இதைச் சாக்கா வெச்சு ஆளைக் குறைச்சா முதல்ல சண்டைக்கு வரவன் நான்தான்.

நண்பர் ரொம்ப நேரம் பேசலை. ரயில் ஏறினப்புறம் அவரே ஆரம்பிச்சார். "ஒரு இடத்துல மேல ஜல்லி புதுசா பளபளன்னு இருந்துது. முக்கால் அடி தோண்டினோம், களிம்பு மாதிரி சேறு. அதுக்கு மேலதான் தினம் நடந்துட்டிருந்தேன்."