காசு வாங்கினால் பாவமாம்!

பந்தாட்டம் ஆடக் காசு வாங்குவது பாவமாம்; வாங்கியவன் ஆட்டத்தின் புனிதத்தையே கெடுத்துவிட்டானாம்! பிரிட்டிஷ் ரக்பி யூனியன் கனவான்கள் நூறு வருஷம் ஓதிய மந்திரம் இது. யாரை வெளியே நிறுத்த இதை ஓதினார்கள்?

இங்கிலாந்தின் வடபகுதியில் ரக்பி ஆடியவர்கள் சுரங்கத் தொழிலாளிகள், பஞ்சாலைத் தொழிலாளிகள். சனிக்கிழமை ஆடப்போனால் அன்றைய கூலி போயிற்று. இழந்த கூலியையாவது கொடுங்கள் என்று வடக்கத்திக் கிளப்புகள் கேட்டன. மறுத்தார்கள் கனவான்கள். நிலமும் வட்டியும் சோறு போடுகிறவனுக்குக் கூலியைப் பற்றி என்ன கவலை? 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்பீல்டு நகரில் அந்தக் கிளப்புகள் கூடிப் பிரிந்தன. பிற்காலத்தில் ரக்பி லீக் என்று பெயர் பெற்ற ஆட்டம் இப்படித்தான் பிறந்தது. லீக்கில் காசு வாங்கி ஆடியவனுக்கு யூனியன் கதவு ஆயுள் முழுவதும் சாத்தப்பட்டது.

பில்லி பாஸ்டன் 1934-ல் கார்டிஃப் துறைமுகச் சேரியில் பிறந்தவர். தகப்பனார் சியரா லியோனிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. தாயார் ஐரிஷ் வம்சம். சொந்த ஊரான கார்டிஃப் கிளப்புக்கும், வேல்ஸ் அணிக்கும் ஆட வேண்டும் என்பதே அந்த இளைஞரின் கனவு. பட்டாளச் சேவையில் இருந்தபோது, 1953-ல் ராணுவக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆறு முறை எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைப் பதித்தார். அப்படியும் கார்டிஃப் கிளப்பிலிருந்து அழைப்பு வரவில்லை. தோலின் நிறம் தடுத்தது என்று எவன் எழுதிவைப்பான்? வேல்ஸ் யூனியன் அணியில் ஒரு கறுப்பு வீரர் ஆட 1980கள் வரை ஆயிற்று என்பதே போதும்.

வந்தவர்கள் நிலக்கரி நகரான விகனின் லீக் கிளப்பார். மகனை அனுப்ப மனமில்லாத தாயார், 3000 பவுன் கேட்டால் ஓடிவிடுவார்கள் என்று நினைத்துக் கேட்டாராம். அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்! கூலிக்காரக் குடும்பத்துக்கு அது எத்தனை வருஷச் சம்பளம்! இதுதானா பாவம்? யூனியன் வீரர்களின் பூட்ஸுக்குள் இரகசியமாக நோட்டுத் திணித்தவர்களா இதைச் சொல்வது?

விகன் முதல் அணியில் ஆறே ஆட்டம் ஆடியவரை 1954-ல் பிரிட்டிஷ் அணிக்கு எடுத்தார்கள். வயது 19. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சுற்றுப்பயணத்தில் 18 ஆட்டங்களில் 36 முறை பந்தைப் பதித்தார்.

லீக் நிர்வாகிகளும் உத்தமர்கள் அல்ல. 1957-ல் ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை முடிந்ததும் அணி காட்சி ஆட்டங்களுக்காகத் தென்னாப்பிரிக்கா போயிற்று. நிறவெறி ஆட்சி நடந்த மண் அது. பாஸ்டன் தன்னந்தனியாக வீடு திரும்பினார். எங்கள் தோழன் வராத மண்ணில் நாங்களும் ஆடமாட்டோம் என்று சொல்ல அந்த நிர்வாகத்துக்கு நா எழவில்லை.

1995-ல் யூனியனே சம்பள ஆட்டமாக மாறியது. புனிதம் எங்கே போயிற்று? டெலிவிஷன் முதலாளிகளின் பணம் வந்ததும் பறந்துவிட்டது! 2023-ல் கார்டிஃப் துறைமுகத்தில் பாஸ்டனுக்கும் வேறு இரு லீக் வீரர்களுக்கும் சிலை எழுந்தது. 2025-ல் 'சர்' பட்டமும் வந்தது. லீக் பிறந்து 130 வருஷத்தில் ஒரு வீரருக்குக் கிடைத்த முதல் 'சர்' பட்டம் அது. பாஸ்டனுக்கு அப்போது வயது 90.