முந்திரி நிழலையும் சாகுபடிக்குக் கொண்டுவர வேண்டும்

அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை வட்டாரங்களின் செம்மண் பூமியில் முந்திரியை நம்பி வாழும் சிறு விவசாயிகள் ஏராளம். ஆனால் முந்திரி தரும் வருமானம் மாசி முதல் வைகாசி வரையிலான நாலு மாதத்தோடு முடிந்துவிடுகிறது. மீதி எட்டு மாதம் மரத்தடி சும்மா கிடக்கிறது. கொட்டை விற்ற பணத்தில் ஒரு பங்கு சந்தையில் காய்க்கும் கிழங்குக்கும் போய்ச் சேருகிறது. வீட்டுக்கு வேண்டிய கிழங்கை மரத்தடியிலேயே விளைவிக்க முடியும்போது இந்தச் செலவு தேவைதானா என்று விவசாயிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

"முந்திரி நிழலில் ஒன்றும் விளையாது" என்பார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. 7 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 80 மரங்கள் நிற்கும். முதல் நாலைந்து ஆண்டுகள் இடையில் கடலை, உளுந்து, எள் ஆகியவை நன்றாக வரும். பிறகு கிளைகள் ஒன்றோடொன்று கூடிவிடும். வெயில் விரும்பும் இப்பயிர்கள் அதன்பின் சரிவரக் காய் பிடிப்பதில்லை. அத்துடன் ஊடுபயிரையே கைவிட்டு விடுகிறார்கள். கடலை வராத இடத்தில் வேறு எதுவும் வராது என்று முடிவு கட்டுவது சரியல்ல.

ஒத்துப்போகும் காலம்

கேரளத்து வீட்டுத் தோட்டங்களில் பலா, மா, தென்னை நிழலில் சேனைக்கிழங்கும் மஞ்சளும் காலங்காலமாக விளைகின்றன. அங்கு மழை அதிகம். அதை அப்படியே இங்கு பின்பற்ற முடியாது. ஆனாலும் சேனை ஒன்று மட்டும் முந்திரிக்கு நன்றாகப் பொருந்தும். காரணம், அதன் காலம். சேனைக்கு எட்டு மாதம் வேண்டும். கொட்டை பொறுக்கி முடித்து வைகாசிக் கடைசியில் நட்டால் தையில் தோண்டிவிடலாம். மாசியில் கொட்டை விழத் தொடங்கும்போது மரத்தடி மறுபடியும் சுத்தமாக இருக்கும். ஒன்றின் வேலை மற்றொன்றுக்கு இடைஞ்சல் ஆவதில்லை.

நடும் முறை

முதலில் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். உச்சி வேளையில் தரையில் ஆங்காங்கே வெயில் திட்டுகள் விழுந்தால் சேனை வரும். ஒரு பொட்டு வெயிலும் விழாத இருட்டில் சேனைகூடப் பருக்காது. அத்தகைய தோப்பில் அறுவடை முடிந்ததும் தரையைத் தொடும் கிளைகளையும், குறுக்கே வளர்ந்த கிளைகளையும் கவாத்து செய்து, வெட்டுவாயில் போர்டோ பசை தடவ வேண்டும். இதனால் மரத்துக்கும் நன்மையே.

மரத்திலிருந்து 2 மீட்டர் வரை மண்ணைத் தொடக் கூடாது. ஏர் ஓட்டி வேரை அறுக்கவும் கூடாது. மரங்களுக்கு நடுவே உள்ள இடத்தில் 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் கையால் குழி எடுத்து, மேல்மண்ணுடன் மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பவும். அரைக் கிலோ எடையுள்ள விதைத்துண்டு ஒவ்வொன்றிலும் நடுமுளையின் ஒரு பகுதி இருக்க வேண்டும். துண்டுகளைச் சாணிப்பாலில் நனைத்து நிழலில் உலர்த்தி நடுவது நல்லது. ஆந்திராவிலிருந்து வந்த கஜேந்திரா ரகத்தில் நாக்கு அரிப்பு குறைவு. மரத்தடியில் கிடக்கும் சருகைக் கூட்டித் தீ வைக்காமல் குழி மேல் மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும்.

ஆனி, ஆடியில் மழை பொய்த்தால் குழிக்குக் குடத்து நீராவது ஊற்றியாக வேண்டும். அதற்கும் வழியில்லாத தோப்பில் இம்முயற்சி வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழியில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். ஆகவே வடிகால் உள்ள செம்மண்ணே ஏற்றது. கரிசல் பூமிக்கு இது ஒத்துவராது.

மேலே மருந்து, கீழே உணவு

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது மருந்துத் தெளிப்பு. தேயிலைக் கொசுவுக்காகத் துளிர், பூ, பிஞ்சுப் பருவங்களில் மரத்துக்குத் தெளிக்கும் மருந்து கீழே உள்ள பயிர் மீதும் விழும். கேரளத்தின் காசர்கோடு பகுதியில் முந்திரித் தோட்டங்களின் மீது 2000 ஆம் ஆண்டு வரை ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. அதையடுத்து வாழ்ந்த குடும்பங்கள் பட்ட துயரம் நாடறிந்தது. 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்குத் தடை விதித்தது. அந்த மருந்து போய்விட்டாலும் அது கற்பித்த பாடம் போகவில்லை. ஆகவே மருந்து தெளிக்கும் தோப்பில் கீரை வகைகள் எதையும் வளர்க்கக் கூடாது. பசலை, தவசிக்கீரை போன்றவற்றை மருந்து படாத வீட்டுக் கொல்லையில், முருங்கை, பலா நிழலில் வைத்துக்கொள்ளலாம்.

தண்டு, வேர் துளைப்பானையும் மறக்கக் கூடாது. அது தாக்கினால் அடிமரத்தில் பிசினும் மரத்தூளும் வெளிப்படும். அடிமரத்தில் மண் அணைத்தாலோ செடி மண்டினாலோ இந்த அறிகுறி கண்ணுக்குத் தெரியாது, மரமே போய்விடும். கிழங்குக்காக மரத்தை இழப்பது புத்திசாலித்தனமாகாது.

பத்து மரத்தில் தொடங்குக

ஏக்கர் முழுவதும் சேனை நட டன் கணக்கில் விதை வேண்டும். அதற்காகக் கடன் வாங்கக் கூடாது. பத்து மரத்தடியில், மரத்துக்கு 4 குழி வீதம் 40 குழி போதும். 20 கிலோ விதையில் முடிந்துவிடும். தையில் தோண்டும்போது அடுத்த ஆண்டுக்கான விதையை ஒதுக்கி, காற்றோட்டமான நிழலில் பரப்பி வைக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு விதைச் செலவு இராது. வெயிலில், இறவையில் கிடைக்கும் மகசூலை மரத்தடியில் எதிர்பார்க்கக் கூடாது. வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சியதை விற்றாலே லாபம்தான்.

விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 போன்ற முந்திரி ஒட்டுக் கன்றுகளை வாங்கி நடச் சொல்லும் துறையினர், மரம் வளர்ந்த பிறகு அதன் அடியில் என்ன நடலாம் என்பதையும் சொல்லி, விதைக்கிழங்குக்கும் வழி செய்ய வேண்டும். முந்திரிக்கு விலை இறங்கும் ஆண்டும் உண்டு, பூ கருகும் ஆண்டும் உண்டு. அப்போது சிறு விவசாயியின் அடுப்புக்குக் கை கொடுப்பது மரத்தடியில் விளைந்த அந்தக் கிழங்குதான்.