முதியோரும் ஈரற் புறவழிச் சிகிச்சையும்

ஆண்டுகள் பல கடந்தவர் என்ற ஒரே காரணத்தால் ஒருவர்க்குச் சிகிச்சையை மறுத்தல் முறையாகுமா? அன்றி, கருவி கைவசம் உண்டு என்ற ஒரே காரணத்தால் அதனை எவர்க்கும் செய்துவிடுதல் தகுமா? ஈரல் நோய் முற்றிய முதியோர்க்குச் செய்யப்பெறும் புறவழிச் சிகிச்சையைக் குறித்து இவ்விரு வினாக்களும் எழுகின்றன. கொல்லிமலை வாழ் முதியோரை மனத்திற்கொண்டு எம் கருத்தை ஈண்டுக் கூற விரும்புகின்றோம்.

குடல், இரைப்பை, மண்ணீரல் இவற்றினின்று வரும் இரத்தம் ஈரல்வாயிற் சிரை வழியே ஈரலை அடைந்து, அங்கே தூய்மையுற்ற பின்னரே இருதயத்துக்குச் செல்லும். மதுவினாலோ, காமாலைக் கிருமிகளாலோ, நீரிழிவோடு கூடிய கொழுப்பினாலோ ஈரல் இறுகிச் சுருங்கிவிடின், இரத்தம் செல்ல வழியின்றிச் சிரையில் அழுத்தம் மிகும். ஈரலுக்கு முன்னும் பின்னுமுள்ள அழுத்தங்களின் வேறுபாடு 12 மில்லிமீட்டர் பாதரச அளவை எட்டின், உணவுக்குழலின் அடியிற் புடைத்த சிரைகள் வெடித்து இரத்த வாந்தி உண்டாகலாம். மகோதரமும் இவ்வழுத்தத்தின் விளைவே. மருந்து தருதல், சிரைகளை ரப்பர் வளையமிட்டுக் கட்டுதல், வயிற்றுநீரை இறக்குதல் என்பன முதற் சிகிச்சைகள். இவை பயன்படாதவிடத்து, கழுத்துச் சிரை வழியே நுண்குழாய் ஒன்றைச் செலுத்தி, ஈரலினூடே புதுவழி திறந்து, கம்பிவலைக் குழலொன்றை அங்கே நிறுத்துவர். இதுவே டிப்ஸ் எனப்படும் புறவழிச் சிகிச்சை. வயிற்றைக் கீறாமற் செய்வதாகலின், முதியோர்க்கும் இது எளிதெனத் தோன்றும்.

ஆயின் இதன் வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கை. 1877-ம் ஆண்டில் ருஷிய தேசத்து எக் என்பவர் நாய்களில் இத்தகைய புறவழியை முதன்முதல் அமைத்தார். 1893-ம் ஆண்டில் பாவ்லவ் முதலியோர், அவ்வாறு அமைக்கப்பெற்ற நாய்கள் இறைச்சி உண்டபின் தள்ளாடி மயங்குதலைக் கண்டு வெளியிட்டனர். ஈரலைத் தொடாது செல்லும் இரத்தம் அமோனியா முதலிய நஞ்சுகளை மூளைக்குக் கொண்டு செல்லுதலே அதற்குக் காரணம். 1988-ம் ஆண்டில் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் கம்பிவலைக் குழல் முதன்முதலாக மனிதர்க்குப் பொருத்தப்பட்டது. முறை புதிது, குறை மட்டும் பழையதே. இச்சிகிச்சை பெற்றாருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு மதிமயக்கம் தோன்றுகின்றது. முதியோர்க்கு அவ்வச்சம் மிகுதி. திடீரென மிகுந்து பாயும் இரத்தத்தைத் தாங்கும் வலிமை அவர்தம் இருதயத்துக்கு உண்டா என்பதும் முன்னரே ஆராயத்தக்கது.

அங்ஙனமாயின் வயதையே எல்லையாக வைத்துவிடலாமே என்பார் உளர். அஃது எமக்கு உடன்பாடன்று. இச்சிகிச்சைக்குப்பின் உயிர் நிலைக்குமா என்பதைக் கணிக்க 2000-ம் ஆண்டில் அமெரிக்காவில் அமைந்த அளவுகோலில் வயது இடம்பெறவில்லை. 2021-ம் ஆண்டில் பிரைபர்க்கினின்று வந்த அளவுகோல் வயதைச் சேர்த்துக்கொண்டது. எனினும் அங்கும் அது நான்கனுள் ஒன்றே. ஆகவே வயது எண்ணிப் பார்க்கத்தக்கதொரு பொருளேயன்றித் தீர்ப்பு ஆகாது. கொல்லிமலையில் 1929-ம் ஆண்டு தம் கணவர் ஜெஸி பிராண்டு காய்ச்சலால் மாண்ட பின்னரும் மலைகளைக் கைவிடாத எவலின் பிராண்டு அம்மையார், முதிர்ந்த வயதிலும் மட்டக்குதிரை ஏறி மலையூர்களுக்குச் சென்று ஊழியம் புரிந்து, தமது 95-ம் வயதில் 1974-ம் ஆண்டில் காலமானார். ஆண்டுக் கணக்கைக் கொண்டு ஒருவரின் ஆற்றலை அளப்பது எத்துணைப் பிழை என்பதை அம்மலையே அறியும்.

எம் கருத்தில், வயதினும் முதன்மையாகக் கேட்கத்தக்க வினா ஒன்றுண்டு: சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதியவரை நாள்தோறும் நோக்குவார் யார்? இச்சிகிச்சை பெருநகர் மருத்துவமனைகளிலேயே நிகழும். நோயாளர் திரும்புவதோ காரவள்ளியினின்று 70 கொண்டையூசி வளைவுகள் ஏறிச் செம்மேட்டுக்கும், அதற்கப்பாலுள்ள சிற்றூர்க்குமாம். பகலில் உறங்கி இரவில் விழித்திருத்தல், சொல் தடுமாறல், நீட்டிய கைகள் படபடத்தல் என்னும் குறிகளை மூப்பின் இயல்பென்று வீட்டார் விட்டுவிடுவராயின் உயிர்க்கே கேடாம். நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை மலம் இளகிக் கழியுமாறு லாக்டுலோஸ் மருந்து தருதலும், மலச்சிக்கலும் நோய்த்தொற்றும் நேராது காத்தலும் பெரும்பாலும் அம்மயக்கத்தைத் தடுக்கும். பருப்பும் முட்டையும் ஆகாவென விலக்குதல் பழைய எண்ணம். அதனால் தசை தேய்ந்து மயக்கமே மிகும்.

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. நோயாளர் தெளிந்த மதியோடிருக்கும்போதே, உயிர் நீட்சியையும் மதிமயக்க அச்சத்தையும் அவர்க்கு விளங்கும் சொற்களில் எடுத்துரைத்து அவரது விருப்பத்தைக் கேட்டல் வேண்டும். மயக்கம் மிகின் புறவழியைக் குறுக்கவும் கூடும் என்பதையும் அப்போதே அறிவித்தல் வேண்டும். 2021-ம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டங்களின்வழி வீடு தேடிச் செல்வார்க்கு இக்குறிகளைக் கற்பித்தல் வேண்டும். இவை இல்லாவிடத்து, வயிற்றுநீரை அவ்வப்போது இறக்கித் துன்பந் தணித்தலே சிலர்க்கு நன்றாகலாம். அதனைக் கைவிடுதல் எனக் கருதற்க.

மருத்துவம் பயிலச் செல்லும் நம் மாணவர் பலர். திறந்த வழியில் இரத்தம் செவ்வனே ஓடுதலைக் கண்டு மகிழ்தல் அவர்க்கு இயல்பே. மலைமேல் அம்முதியவர் தம் பேரப்பிள்ளைகளைப் பெயர்சொல்லி அழைக்கின்றாரா என்பதையும் அவர்கள் கேட்டறிவாராக. சிகிச்சையின் வெற்றியை அளக்க அதனினும் சிறந்த அளவுகோல் வேறில்லை.