600 வி.ஏ. என்றால் 600 வாட்ஸ் அல்ல!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பிராசசர் என்ன, ரேம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று துருவித் துருவி விசாரிக்கிறார்கள். யு.பி.எஸ். என்று வரும்போது மட்டும் "ஒரு 600 போடுங்க" என்று முடித்துக் கொள்கிறார்கள். 600 என்றால் 600 என்ன? வாங்குபவரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை.

எங்கள் தெருவில் ஓர் இளைஞர் வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து தருகிறார். கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினார். கடைக்காரர் "600 தாராளமாகப் போதும் சார்" என்று ஒரு யு.பி.எஸ்.ஸையும் சேர்த்துக் கொடுத்தார். ஒரு மாலை, வீடியோ ரெண்டர் ஆகிக் கொண்டிருந்தபோது கரண்ட் போனது. யு.பி.எஸ். கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. அடுத்த நொடியே மானிட்டர் இருண்டுவிட்டது. நான்கு மணி நேர வேலை போயிற்று. மறுநாள் காலை கல்யாண வீட்டாருக்கு வீடியோவைக் கொடுக்க வேண்டும்.

"அண்ணா, வாங்கி ஒரு மாசம்கூட ஆகலை. டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டாங்க" என்று புலம்பினார். போய்ப் பார்த்தேன். யு.பி.எஸ்.ஸில் ஒரு குறையும் இல்லை. அதன் பின்பக்கத்தைத் திருப்பினால் ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் இருந்தது: 600 வி.ஏ., 360 வாட்ஸ். அவருடைய கம்ப்யூட்டர் முழு வேகத்தில் வேலை செய்யும்போது 350 வாட்ஸ், மானிட்டர் 40 வாட்ஸ். ஆக மொத்தம் 390. கரண்ட் இருக்கும்வரை இது தெரியவில்லை. பாரம் முழுவதும் பேட்டரிப் பக்கம் வந்ததும் யு.பி.எஸ். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிட்டது.

அது என்ன வி.ஏ., அது என்ன வாட்ஸ்? வி.ஏ. என்பது வோல்ட்-ஆம்பியர். வோல்டேஜையும் ஒயரில் ஓடும் கரண்ட்டையும் பெருக்கினால் கிடைப்பது. நம் வீட்டு 230 வோல்ட்டில் 600 வி.ஏ. என்றால் சுமார் 2.6 ஆம்பியர். வாட்ஸ் என்பது அந்தச் சாதனம் உண்மையிலேயே செலவழிக்கும் மின்திறன். வாட்ஸை வி.ஏ.யால் வகுத்தால் வருவதுதான் பவர் ஃபேக்டர். பள்ளிப் பாடநூலில் இதைத் திறன் காரணி என்பார்கள். 360ஐ 600ஆல் வகுத்தால் 0.6.

இரண்டும் ஏன் வேறுபடுகின்றன? தண்ணீர்க் குழாயை நினைத்துக் கொள்ளுங்கள். குடம் நிரம்ப ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளலாம் என்றால் மெல்லிய குழாய் போதும். அதே குடத்தை அரை நிமிடத்தில் நிரப்பிவிட்டு மற்ற நேரம் குழாயை மூடி வைப்பதென்றால் பெரிய குழாய் வேண்டும். குடத்தில் சேரும் தண்ணீர் ஒன்றுதான். பழைய வகை எஸ்.எம்.பி.எஸ். இப்படித்தான் கரண்ட்டை இழுக்கிறது. ஏசி மின்சாரத்தின் வோல்டேஜ் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உச்சியில் மட்டும் வெடுக்கென்று உறிஞ்சிக் கொள்கிறது. அதனால் வாட்ஸ் குறைவாக இருந்தாலும் வி.ஏ. கூடுதலாகிறது. அவற்றின் பவர் ஃபேக்டர் 0.6, 0.7 என்ற அளவில்தான் இருந்தது. அந்தக் காலத்தில் யு.பி.எஸ்.ஸை வி.ஏ. பார்த்து வாங்கியதில் அர்த்தம் இருந்தது.

ஐரோப்பாவில் 2001 முதல் இதற்குக் கட்டுப்பாடு வந்தது. 2004இல் தொடங்கிய 80 பிளஸ் சான்றிதழும் 0.9 பவர் ஃபேக்டரைக் கேட்டது. இன்று நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களில் ஆக்டிவ் பி.எஃப்.சி. என்ற சர்க்யூட் இருக்கிறது. இவை கரண்ட்டைச் சீராக இழுப்பதால் பவர் ஃபேக்டர் 0.95ஐத் தாண்டுகிறது. அதாவது வி.ஏ.யும் வாட்ஸும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. ஆனால் சிறிய யு.பி.எஸ்.கள் பல இன்னும் 0.6இலேயே நிற்கின்றன. 600ஐ எட்டுவதற்கு வெகுமுன்பே 360 என்ற எல்லையில் முட்டிக் கொள்கிறோம்.

விற்பவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒயரும் டிரான்ஸ்பார்மரும் சூடாவது கரண்ட்டைப் பொறுத்தது. ஆகவே வி.ஏ. என்ற அளவு பொய்யல்ல. அது இல்லாமல் யு.பி.எஸ்.ஸை வடிவமைக்கவும் முடியாது. என் வாதம் இதுதான்: இரண்டு எல்லைகள் இருக்கும்போது, பெரிய எண்ணை மட்டும் அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டுச் சிறிய எண்ணைப் பின்பக்கம் ஒளித்து வைப்பது முறையல்ல. இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். அதற்கு ஒரு காசும் கூடுதல் செலவில்லை.

அதுவரை நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும். யு.பி.எஸ்.ஸில் இணைக்கப் போகும் சாதனங்களின் வாட்ஸைக் கூட்டுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 450 வாட்ஸ் என்று இருந்தால் அது தரக்கூடிய உச்ச அளவு. உங்கள் கம்ப்யூட்டர் எப்போதும் அவ்வளவு எடுக்காது. பிளக்கில் பொருத்தும் சிறிய வாட் மீட்டர் இருந்தால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். வரும் கூட்டுத்தொகைக்கு மேல் கால் பங்காவது கூடுதல் வாட்ஸ் உள்ள யு.பி.எஸ்.ஸை வாங்குங்கள். கடிதம் டைப் செய்யவும் இன்டர்நெட் பார்க்கவும் மட்டுமே பயன்படும் கம்ப்யூட்டர் என்றால் 360 வாட்ஸ் தாராளம். லேசர் பிரிண்டரை மட்டும் யு.பி.எஸ்.ஸில் இணைக்கவே வேண்டாம்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. வி.ஏ. கூடினால் அதிக நேரம் ஓடும் என்பது சரியல்ல. நேரத்தைத் தீர்மானிப்பது பேட்டரி. 12 வோல்ட், 7 ஏ.ஹெச். பேட்டரியில் இருப்பது 84 வாட்-ஹவர்தான். வேகமாக இழுக்க இழுக்க அதிலும் குறைவாகவே கிடைக்கும்.

பவர் ஃபேக்டரைச் சரி செய்து கரண்ட் பில்லைப் பாதியாகக் குறைக்கும் என்று விற்கப்படும் சிறு டப்பாக்களிடமும் ஏமாறாதீர்கள். வீட்டு மீட்டரில் யூனிட் கணக்காவது வாட்ஸை வைத்துத்தான், வி.ஏ.யை வைத்து அல்ல.

அந்த இளைஞர் இப்போது 1000 வி.ஏ., 600 வாட்ஸ் யு.பி.எஸ்.ஸுக்கு மாறிவிட்டார். அன்று இரவெல்லாம் விழித்திருந்து வேலையை முடித்துக் கொடுத்தாராம். அடுத்த முறை கடையில் "600 போதும்" என்று சொன்னால், "வாட்ஸ் எவ்வளவு?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் ஸ்டிக்கரைப் பார்ப்பார். ஆயிரம் பேர் கேட்டால் கம்பெனியே பெட்டியில் பெரிதாக அச்சிடும்.